பட்ஜி குஞ்சு ஆணா, பெண்ணா?

திலக் நகர் பிளாட்டுகளில் குழந்தைகள் ஆசைப்பட்டுக் கேட்கும் பறவை பட்ஜி. 'லவ் பேர்ட்ஸ்' என்று நாம் சொன்னாலும், அப்பெயருக்கு உரியவை ஆப்பிரிக்கப் பறவைகள். பட்ஜியின் தாயகம் ஆஸ்திரேலியா.

கடையில் 'ஜோடி' என்று தருவது சில சமயம் இரண்டு பெண்ணாக அமைந்துவிடும். முட்டையிடும் பானைக்காக அவை ரத்தம் வருமளவு சண்டையிடக்கூடும். ஆகவே வாங்கும்போதே கவனிப்பது நலம்.

முதலில் வயது. நெற்றிக் கோடுகள் மூக்குவரை இருந்து, கண் முழுக்கக் கறுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் நான்கு மாதத்துக்கு உட்பட்ட குஞ்சு.

அடுத்து, அலகுக்கு மேலே மூக்குத் துவாரங்கள் உள்ள மெத்தென்ற பகுதியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முழுவதும் ஒரே சீராக இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ இருந்தால் ஆண். வெளிறிய நீலமாக, துவாரங்களைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் பெண். வளர்ந்தபின் ஆணுக்கு அப்பகுதி நீலமாகும். பெண்ணுக்கு முட்டையிடும் பருவத்தில் பழுப்பாகும்.

சிவப்புக் கண் உடைய வெள்ளை, மஞ்சள் ரகங்களில் ஆணுக்கு வளர்ந்த பின்னும் இளஞ்சிவப்பு மாறாது. சந்தேகமிருந்தால் இறகைக் கொண்டு டி.என்.ஏ. பரிசோதனை செய்யலாம்.

பேசப் பழக்க விரும்புவோருக்கு ஆண் பறவையே ஏற்றது. 1,728 சொற்கள் அறிந்து கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற கலிபோர்னியாவின் 'பக்' ஓர் ஆண் பட்ஜி, 1994-இல் இறந்தது. குஞ்சு வேண்டாம் என்பவர்கள் இரண்டு ஆண்களை வளர்க்கலாம். பொதுவாக ஒற்றுமையாக இருக்கும்.

ஒன்றை மறவாதீர்கள். வளர்ந்த ஆணின் நீல மூக்கு பழுப்பாக மாறினால் உடலுக்குள் கட்டி இருக்கலாம். தாமதிக்காமல் பறவை வைத்தியம் அறிந்த டாக்டரிடம் காட்டுங்கள்.