குன்றிமணி விஷமும் தாய்ப்பாலும்

குன்றிமணியிலும் ஆமணக்கு விதையிலும் கொடிய விஷம் அடங்கியிருப்பது நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிந்த சங்கதி. ஆனால் அவ்விரு விஷங்களையும் கருவியாகக் கொண்டே, 1892-ஆம் ஆண்டில், பவுல் எர்லிக் என்னும் ஜெர்மானிய வைத்திய விஞ்ஞானி தாய்ப்பாலின் காக்கும் சக்தியை ஐயத்துக்கிடமின்றி நிரூபித்தார் என்பதை அறிந்தவர் சிலரே. சுண்டெலிகளுக்கு இவ்விஷங்களை மிகச் சிறிய அளவில் தொடங்கி, நாளடைவில் மெல்ல மெல்ல மிகுத்துக் கொடுத்துவந்தால், சாதாரண எலியை மாய்க்கும் அளவைப்போல் பல மடங்கையும் அவை தாங்கிக்கொள்ளும் என்று அவர் முன்னரே கண்டிருந்தார். அத்தகைய எலியின் குட்டிக்கும் அந்தச் சக்தி வாய்க்குமா, வாய்க்குமானால் அது தந்தைவழிச் சொத்தா, கருவிலே பெற்ற திருவா, பாலோடு வந்ததா என்பதே அடுத்து அவர் எழுப்பிய கேள்வி.

தந்தை எலி மட்டும் சக்தி பெற்றதாயிருந்தபோது குட்டிகளுக்கு ஒன்றும் கிட்டவில்லை. தாய் பெற்றிருந்தபோது கிட்டியது, ஆயினும் சில காலமே நிலைத்தது. இதனோடு அமையாமல், குட்டிகளை எர்லிக் இடம் மாற்றினார். விஷத்தையே அறியாத தாய் ஈன்ற குட்டிகளை, விஷத்தை வென்ற செவிலித் தாயிடம் பால் குடிக்க விட்டார். அவையும் விஷத்தைத் தாங்கின. ஆராய்ச்சிக்கூடத்தில் பெரிய யந்திரங்கள் எவையும் இல்லாத காலத்தில், வளர்ப்புத் தாயை மாற்றுவது என்ற ஓர் எளிய உபாயத்தால், பிறப்பையும் பாலையும் பிரித்துக் காட்டிய இந்தச் சோதனையின் அழகுக்கு ஈடானவை வைத்திய சாஸ்திரத்தில் அதிகம் இல்லை என்றே சொல்வேன்.

எனினும், எலிக்கு மெய்யானது மனிதனுக்கும் அப்படியே மெய்யாகிவிடாது. எலிக்குட்டியின் குடல், பிறந்து சில வாரங்கள் வரையில், அந்தச் சக்தியைத் தரும், பாலிலுள்ள எதிர்ப்பொருளை உருக்குலையாமல் ரத்தத்துக்குள் ஏற்றுக்கொள்கிறது. கன்றோ நஞ்சுக்கொடியின் வழியே ஏறக்குறைய எதையுமே பெறாமல் பிறக்கிறது. பிறந்த ஒரு நாளுக்குள் குடிக்கும் சீம்பாலே அதன் உயிர்க்காப்பு. (அந்தச் சீம்பாலைக் கறந்து, வெல்லமிட்டுக் காய்ச்சி உண்ணும் நாம், கன்று வயிறு நிறையக் குடித்த பின்னர் அதைச் செய்வதே நியாயம்.) மனித சிசுவின் நிலை வேறு. இம்யூனோகுளோபுலின் ஜி என்னும் எதிர்ப்பொருள், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில், தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகவே அதன் ரத்தத்தை அடைந்துவிடுகிறது. குறைமாதக் குழந்தைக்கு அந்தச் சீதனம் குறைந்துபோவதும் இதனால்தான். ஆகவே, தாய்ப்பாலைக் குடித்தவுடன் குழந்தையின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி ஏறிவிடுகிறது என்று நம் பத்திரிகைகளில் அடிக்கடி எழுதப்படுவது பெரும்பாலும் பிழையே.

அப்படியானால் பாலிலுள்ள எதிர்ப்பொருள் எதற்கு என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1961-இல் ஸ்வீடன் தேசத்து லார்ஸ் ஹான்சன், தாய்ப்பாலில் மிகுந்திருக்கும் இம்யூனோகுளோபுலின் ஏ, ரத்தத்திலுள்ள அதே பெயருடைய பொருளினின்றும் வேறுபட்டது என்று கண்டறிந்தார். பாலில் வருவது இரட்டையாகப் பிணைந்தது. அதன்மேல் சுற்றியிருக்கும் மற்றொரு புரதம், ஜீரண ரசங்கள் அதை எளிதில் சிதைத்துவிடாதபடி காக்கிறது. இந்த எதிர்ப்பொருள் ரத்தத்துக்குள் போகவேண்டியதே இல்லை. வாசலிலேயே நிற்கும் காவற்காரனைப்போல் குடலின் உட்பரப்பில் நின்று, உள்ளே வரும் கிருமிகளைப் பற்றிக்கொண்டு, அவை குடற்சுவரில் ஒட்டாமல் தடுத்து, மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. அதுவும் மென்மையான அந்தக் குடலில் அழற்சியை மூட்டாமலே செய்கிறது. பிறந்த சிசுவின் குடல் இப்பொருளைத் தானே போதிய அளவு உண்டாக்கத் தொடங்குமுன் வாரங்களும் மாதங்களும் கழிந்துவிடும். முதிர்ந்த பாலில் இது லிட்டருக்குச் சுமார் 1 கிராம் இருக்கும். சீம்பாலிலோ அதைப்போல் பல மடங்கு. முதல் நாட்களில் ஊறும் பால் சில கரண்டிகளே என்று கவலையுறும் பாட்டிமார்கள் இந்தக் கணக்கைக் கருத வேண்டும்.

இதனினும் வியக்கத்தக்கது, அந்த எதிர்ப்பொருள் எந்தக் கிருமிக்கு எதிராக அமைகிறது என்பது. தாய் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறாளோ, எந்தத் தெருவில் நடக்கிறாளோ, அங்குள்ள கிருமிகளை முதலில் சந்திப்பது அவளுடைய குடல். அங்கே அவற்றை அறிந்துகொண்ட அணுக்கள் ரத்தத்தின் வழியே யாத்திரை செய்து ஸ்தனத்தை அடைந்து, அந்தக் கிருமிகளுக்கே உரிய எதிர்ப்பொருளைப் பாலில் சுரக்கச் செய்கின்றன. கர்ப்பிணிகளுக்குத் தீங்கற்ற ஒரு குடற்கிருமியை வாய்வழியே கொடுத்துப் பார்த்தபோது, அதற்கான எதிர்ப்பொருளை உண்டாக்கும் அணுக்கள் அவர்களுடைய சீம்பாலில் தோன்றியதை 1975-இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. புட்டிப்பால் மாவில் எத்தனை சத்துக்களைச் சேர்த்தாலும், இன்ன வீட்டில் இன்ன கிருமி உலவுகிறது என்பதை அந்த மாவு அறியாது.

இதனால் தடுப்பூசி வேண்டாம் என்று எவரும் கொள்ளலாகாது. குடலில் நிற்கும் காவல் தட்டம்மைக்கும் ரணஜன்னிக்கும் போதாது. நஞ்சுக்கொடி வழி வந்த சீதனமும் சில மாதங்களில் தேய்ந்துவிடுவது. அது தேயுமுன் போட்டால் தட்டம்மை ஊசி நன்கு பலிக்காது என்பதனாலேயே நம் நாட்டில் முதல் ஊசியை 9 மாதம் நிறைந்த பின் போடுகிறார்கள்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், முதல் 6 மாதம் வேறெதுவும் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆகையால் சேனை வைப்பது என்ற பெயரில் சர்க்கரைத் தண்ணீரைக் குழந்தையின் நாவில் தடவும் வழக்கத்தைப் பெரியவர்கள் கைவிடும்படி வேண்டிக்கொள்கிறேன். மற்றொன்று: தாய்க்கு ஜலதோஷமோ வயிற்றுப்போக்கோ வந்தவுடன் பால் கொடுப்பதை நிறுத்திவிடும் வீடுகள் இன்றும் பல. அந்த நோய்க்குரிய எதிர்ப்பொருள் பாலில் வருவது அப்போதுதான். எச்.ஐ.வி. போன்ற சில நோய்களுக்கும் சில மருந்துகளுக்கும் மட்டுமே வேறு விதி உண்டு; அதை மருத்துவரிடம் கேட்டறிந்து, மற்றச் சமயங்களில் கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு, பாலைத் தடையின்றிக் கொடுங்கள்.