கையெழுத்து வைத்தும் காற்றில் பறந்தது

2010 தேர்தலில், பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்ப்பதாக லிபரல் டெமோக்ரட் தலைவர் நிக் கிளெக் கையெழுத்திட்டார். துணைப் பிரதமரானதும், அந்த டிசம்பரிலேயே 9,000 பவுண் உச்சவரம்புக்கு வாக்களித்தார். தோர்ண்டன் ஹீத்தில் பிள்ளைகளின் படிப்புக் கடனைக் கணக்குப் பார்க்கும் நம் வீடுகளுக்கு இது பழங்கதையல்ல. 2015இல் அக்கட்சியின் 57 ஆசனங்கள் 8 ஆகின.

ஆனால் டேவிட் கமரூன்? வருடாந்த நிகரக் குடிவரவை ஒரு லட்சத்துக்குள் குறைப்பேன் என்றார். 2014இல் அது 3 லட்சத்தைத் தாண்டியது. அவருக்கோ 2015இல் அறுதிப் பெரும்பான்மை! கிளெக்கை நம்பிய மாணவர்களுக்குக் கட்சிப் பழக்கம் இல்லை, ஏமாந்ததும் விலகினார்கள். கமரூனின் ஆட்களுக்கோ மற்றக் கட்சி மீதான பயம், ஏமாற்றத்தைவிடப் பெரிது என்றே நினைக்கிறோம். நம் பெரியவர்கள் சிலருக்கும் கட்சி, சபை அங்கத்துவம் போலத்தான். வாலிபரே, தேர்தல் துண்டுப்பிரசுரங்களை எறியாமல் வையுங்கள். அடுத்த முறை கதவைத் தட்டுபவரிடம் நீட்டிக் கேட்கலாம்.