பிள்ளைகளைக் காத்த கணக்கு

திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவர் சந்நிதிக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே வாழைத்தார் காணிக்கை கொண்டு வருபவர்களைப் பார்க்கலாம். சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று நேர்ந்துகொண்ட குடும்பத்தார் அவர்கள்.

அந்தக் கோயிலின் கதை பலருக்கும் தெரியும். ரத்னாவதி என்ற பெண்ணுக்குப் பிரசவ வேளை. உதவிக்கு வந்த தாயாரைக் காவிரி வெள்ளம் தடுத்துவிட்டது. மகள் இக்கரையில் தவித்தாள். ஈசனே தாய் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது ஐதீகம்.

ஆற்றைக் கடந்து ஸ்ரீரங்கம் போனால், ரங்கநாதர் கோயிலுக்குள் தன்வந்திரிக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. அந்தக் கோயிலில் முன்னாளில் ஓர் ஆரோக்கியசாலை, அதாவது ஆஸ்பத்திரி, இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது.

தாயும் சேயும் பிழைக்கவேண்டும் என்ற கவலை இந்த ஊருக்குப் புதிதல்ல. அந்தக் கவலையையே படிப்பாக எடுத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்கிறவர்களும் இருக்கிறார்கள். உலகமே கவனித்த அப்படிப்பட்ட ஆராய்ச்சி ஒன்று திருச்சி மாவட்டத்தில்தான் நடந்தது.

வாரம் ஒரு வேளை மருந்து

ஆல்பிரட் சோமர் என்ற அமெரிக்கக் கண் டாக்டர் இந்தோனேசியாவில் மாலைக்கண் நோயை ஆராய்ந்து வந்தார். 'ஏ' வைட்டமின் சத்துக் குறைவினால் வருவது அது. மாலைக்கண் உள்ள குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட அதிகமாக இறப்பதை அவர் தம் கணக்கில் கண்டார். கண்ணைக் காக்கும் சத்து உயிரையும் காக்குமா? இந்தக் கேள்வி பிறந்தது.

விடை காண முன்வந்தவர்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்களும் உண்டு. டாக்டர் ரஹ்மத்துல்லா தலைமையில், அமெரிக்க நிபுணர்களும் சேர்ந்து, திருச்சி மாவட்டத்துக் கிராமங்களில் வேலையைத் தொடங்கினார்கள். கரூர், பெரம்பலூர், அரியலூர் எல்லாம் அப்போது திருச்சி மாவட்டத்தில் அடங்கியிருந்தன.

பள்ளிக்கூட வயதை எட்டாத 15,419 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். சுகாதாரத் தொண்டர்கள் வாரந்தோறும் அவர்களிடம் போனார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு 'ஏ' வைட்டமினும் 'இ' வைட்டமினும் கொடுத்தார்கள். மறு பகுதிக்கு 'இ' வைட்டமின் மட்டும். எந்தக் குழந்தைக்கு எது என்பது மறைத்து வைக்கப்பட்டது. ஏன்? தெரிந்துவிட்டால் மனம் ஒரு பக்கம் சாயும், கணக்கும் கெட்டுவிடும்.

யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வயிற்றுப்போக்கு, யார் இறந்தது என்று ஒரு வருஷம் குறித்து வந்தார்கள்.

80-ம் 37-ம்

முடிவு 1990-ல் வெளியாயிற்று. விபத்தில் இறந்தவர்களை விட்டுவிட்டுப் பார்த்தால், 'ஏ' வைட்டமின் பெறாத பகுதியில் 80 குழந்தைகள் இறந்திருந்தன. பெற்ற பகுதியில் 37. இரண்டு பகுதியிலும் குழந்தைகளின் தொகை ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் 43 உயிர்!

இதில் ஒரு புதுமை உண்டு. வயிற்றுப்போக்கும் சளிக் காய்ச்சலும் வருவது குறையவில்லை. வந்த நோயில் குழந்தை சாவதுதான் குறைந்தது. வீட்டில் இருந்தபடி யாராலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆயிரக்கணக்கான வீடுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது.

இப்படி ஊர் ஊராகக் கணக்கெடுத்து, யாருக்கு நோய் வருகிறது, ஏன் வருகிறது, எப்படித் தடுக்கலாம் என்று ஆராய்வதற்குக் கொள்ளைநோயியல் என்று பெயர்.

ஒரு தடவை போதுமா?

போதாது. பிறந்தவுடனேயே 'ஏ' வைட்டமின் கொடுத்தால் பலன் உண்டா என்று தமிழ்நாட்டில் இன்னோர் ஆராய்ச்சி நடந்தது. பலன் உண்டு என்று 2003-ல் முடிவு சொன்னார்கள். பிறகு ஹரியானாவிலும், கானா, தான்சானியா நாடுகளிலும் பெரிய அளவில் சோதித்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. எனவே பிறந்த குழந்தைக்கு அதை எல்லோரும் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்லவில்லை.

நம் நாட்டில் 9 மாதம் முதல் 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுப்பதுதான் அரசாங்கத் திட்டம். சுகாதார நிலையத்தில் கேட்டுக் கொடுங்கள். நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அளவு மிஞ்சினால் கெடுதல்.

யார் படிக்கலாம்?

டாக்டருக்குப் படித்தவர்கள் மட்டுமா? இல்லை. புள்ளியியல், சத்துணவு, நர்ஸிங், சமூகப்பணி படித்தவர்களுக்கும் இதில் இடம் உண்டு. திருச்சி ஆராய்ச்சியில் பங்கு கொண்ட துளசிராஜ் டாக்டர் அல்ல, நிர்வாகம் படித்தவர்.

பட்டப்படிப்பு, பிறகு பொதுச் சுகாதாரத்தில் மேற்படிப்பு, அதற்குப் பிறகு பி.எச்.டி. அத்தோடு படிப்பு முடிவதில்லை. பி.எச்.டி. வாங்கியவர், தேர்ந்த ஆராய்ச்சியாளரின் கீழ்ச் சில வருஷம் உதவித்தொகையுடன் ஆராய்ச்சி செய்யலாம். தொழில் கற்றவன் தனிப்பட்டறை வைக்குமுன் பெரிய பட்டறையில் வேலை பார்ப்பதுபோல.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் இத்தகைய உதவித்தொகை தருகிறது. சென்னையில் அதன் தேசியக் கொள்ளைநோயியல் நிறுவனம் 1999 முதல் இயங்குகிறது. தகுதியும் வயது வரம்பும் அவ்வப்போது வரும் அறிவிப்பில் இருக்கும்.

வேலைக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாட்டில் லட்சம் பிரசவத்துக்கு 2001-03-ல் 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20-ல் அது 54 ஆகக் குறைந்தது. அந்த 54 பேர் ஏன் இறந்தார்கள்? குறைமாதக் குழந்தைகள் ஏன் பிறக்கின்றன? கர்ப்பிணிக்குச் சோகை ஏன் தீரவில்லை? விடை சொல்ல ஆள் வேண்டும்.

உங்கள் மகள் கணக்கில் கெட்டிக்காரியா? பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஓடிப்போய்ப் பார்க்கிறாளா? இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்று இன்றே அவளிடம் சொல்லி வையுங்கள்.