கம்பி அறுந்ததா, தொட்டி வெறுமையா?

என்னிடம் முதன்முதலாக இருந்த மல்டிமீட்டர் மஞ்சள் நிறம். கல்முனை பஸாரில் ரேடியோ திருத்தும் கடையொன்றில் வேலை பழகிக்கொண்டிருந்த காலத்தில், மூன்று மாதம் மிச்சம் பிடித்து வாங்கியது. 1998இல் ஒருநாள் அதைத் துணிப் பையொன்றில் போட்டுக்கொண்டு மட்டக்களப்புக்கு பஸ் ஏறினேன். வழியில் ஒரு சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கிப் பைகளைக் கொட்டச் சொன்னார்கள். எனது பையில் இருந்து மீட்டரும், சிவப்பும் கறுப்புமாக வயர்த் துண்டுகளும், சோல்டரிங் அயனும், ஒன்பது வோல்ட் பற்றரி ஒன்றும் விழுந்தன. பஸ் போய்விட்டது. நான் இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றேன்.

கடைசியில் ஒரு அதிகாரி வந்து, இது என்ன செய்யும் என்று கேட்டார். அவரது மேசையில் இருந்த டோர்ச்சின் பற்றரியைக் கழற்றி மீட்டரை வைத்துக் காட்டினேன். 1.1 என்று காட்டியது. புதுப் பற்றரி என்றால் 1.5க்குக் குறையாது, இது முடியப்போகிறது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். ஒன்பது வோல்ட் பற்றரியை மட்டும் திருப்பித் தரவில்லை.

அளக்கிற சாமானைக் கையில் வைத்திருப்பதே சந்தேகத்துக்கு இடமாக இருந்த காலம் அது. அதற்குப் பிறகு இருபது வருடங்களுக்கும் மேலாக அளப்பதுதான் எனது தொழில். வளைகுடா நாடொன்றில் எரிவாயு ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஊரில் இதைச் சொன்னால் ஏ.ஸி. திருத்துபவரா என்று கேட்பார்கள். ஒரு பெரியவர், வாத்தியக் கருவியா மகன் என்றே கேட்டார். எமது ஊர்களில் இருந்து இந்த வேலைக்கு எத்தனையோ பேர் போகிறார்கள். ஆனால் வேலை என்னவென்று வீட்டுக்காரருக்கே தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

மருதமுனையில் எங்கள் வாப்பா கைத்தறி நெய்தவர். பாவு நூல் தளர்ந்தால் துணி சுருங்கும், அளவுக்கு மேல் இறுகினால் நூல் அறும். வாப்பா நெய்துகொண்டே இடையிடையே பாவின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சரியில்லை என்றால் பின்னால் இழுவையைக் கூட்டுவார் அல்லது குறைப்பார், பிறகு மறுபடியும் தொட்டுப் பார்ப்பார். அளப்பது, இருக்கவேண்டியதோடு ஒப்பிடுவது, திருத்துவது, திரும்பவும் அளப்பது. ஆலையிலும் இதுதான் நடக்கிறது. கைக்குப் பதிலாக டிரான்ஸ்மிட்டர், வாப்பாவின் மனக்கணக்குக்குப் பதிலாக கொன்ட்ரோல் ரூமில் ஒரு கணினி, இழுவைக்குப் பதிலாகத் தானாகத் திறந்து மூடும் ஒரு வால்வ். இந்த வட்டத்துக்கு லூப் என்று பெயர். ஒரு பெரிய ஆலையில் இப்படி ஆயிரக்கணக்கான லூப்கள் இருக்கும். அழுத்தம், வெப்பநிலை, மட்டம், பாய்ச்சல் ஆகிய நான்கும்தான் பெரும்பாலும் அளக்கப்படும். அவற்றைப் பொருத்துவது, சரிபார்ப்பது, பழுதானால் கண்டுபிடிப்பது எங்கள் வேலை.

இனி, நான் புதிதாக வரும் பொடியன்களுக்கு முதல் நாளில் சொல்லிக்கொடுக்கும் விடயத்துக்கு வருகிறேன்.

வெளியே வெயிலில் ஒரு தொட்டி நிற்கிறது, உயரம் ஐந்து மீற்றர் என்று வையுங்கள். அதில் எவ்வளவு திரவம் இருக்கிறது என்று, அரைக் கிலோமீற்றர் தள்ளி இருக்கும் கொன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லவேண்டும். இரண்டு வயர் போதும். டிரான்ஸ்மிட்டர் அந்த வயரில் ஓடும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்துச் செய்தி அனுப்பும். தொட்டி நிறைந்தால் 20 மில்லிஅம்பியர். பாதி என்றால் 12. ஒரு மீற்றர் மட்டும் இருந்தால் 7.2. சரி, தொட்டி வெறுமையாக இருந்தால்?

பொடியன்கள் எல்லோரும் பூச்சியம் என்றுதான் சொல்வார்கள். இல்லை, 4.

ஏன் 4? வெறுமையான தொட்டிக்கும் பூச்சியம், அறுந்த வயருக்கும் பூச்சியம் என்று வைத்தால், கொன்ட்ரோல் ரூமில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். தொட்டி வெறுமை என்று நினைத்து அவர் பம்பைப் போடுவார். உண்மையில் எலி வயரைக் கடித்திருக்கும், தொட்டி ஏற்கனவே நிறைந்திருக்கும். 4 என்று வைத்தால், வெறுமையான தொட்டியும் 'நான் இருக்கிறேன், என்னிடம் ஒன்றுமில்லை' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். 4க்கும் நன்றாகக் கீழே, 3.6க்கு விழுந்தால் அது அளவு அல்ல, பழுது. மின்சாரக் கருவிகள் வருவதற்கு முன்பு காற்றழுத்தத்தில் செய்தி அனுப்பிய காலத்திலும் இதே ஏற்பாடுதான். 3 பி.எஸ்.ஐ. என்றால் பூச்சியம், 15 என்றால் முழு அளவு. இதை உயிருள்ள பூச்சியம் என்பார்கள்.

ஒரு லூப்பைச் சரிபார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே கருவியடியில் நின்று வயரில் மின்னோட்டத்தைக் கொடுப்பார், மற்றவர் உள்ளே திரையைப் பார்த்து வோக்கி-டோக்கியில் சொல்வார். வெளியே நிற்பவர் திரையைப் பார்க்க முடியாது, உள்ளே இருப்பவர் வயரைப் பார்க்க முடியாது. எனக்கு எட்டு வருடம் வெளியே நின்றவர் பாண்டிருப்பைச் சேர்ந்த ஒரு தம்பி.

"தம்பி, எட்டு குடு."

"குடுத்தாச்சு காக்கா. எவ்வளவு காட்டுது?"

"இருபத்தஞ்சு. பன்னிரண்டு குடு."

"குடுத்தாச்சு."

"அம்பது. சரி."

மருதமுனைக்கும் பாண்டிருப்புக்கும் எவ்வளவு தூரம் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், நடந்தே போகலாம். ஆனால் 1990 ஜூனில் கல்முனையில் சரணடைந்த பொலிஸாருக்கு நடந்ததற்கும், அதைத் தொடர்ந்து தமிழ் ஊர்களில் இருந்து கொண்டுபோகப்பட்டவர்களுக்கு நடந்ததற்கும், ஓகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்ததற்கும் பிறகு, எங்கள் வீட்டில் யாரும் காரணமில்லாமல் அந்த எல்லையைக் கடந்ததில்லை. அவர்கள் வீட்டிலும் அப்படித்தான். ஒருவரையொருவர் நம்பாவிட்டால் வேலையே நடக்காத ஒரு தொழிலில், கடல் தாண்டிப் போய்த்தான் நாங்கள் இருவரும் அறிமுகமானோம்.

அவருடைய அப்பாவை 1990இல் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. ஒருநாள் இரவு கேம்ப் அறையில், புதிதாக வந்த இரண்டு பேருக்கு நான் இந்த நான்கு மில்லிஅம்பியர் கதையை விளக்கிக்கொண்டிருந்தேன். தம்பி தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், திரும்பாமலே சொன்னார்: "எங்கட அம்மாக்கு இவ்வளவு காலமா ஒருத்தரும் நாலு அனுப்பல்ல காக்கா." மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னார்களாம், பிறகு காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்கலாம் என்றார்களாம். அம்மா இரண்டையும் எடுக்கவில்லை. அந்த இரவுக்குப் பிறகு அந்தப் பாடத்தை நான் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

வயர் அறுந்தால் கண்டுபிடித்துவிடலாம். இதைவிடப் பயங்கரமானது, அசையாமல் நிற்கும் அளவு. உயிருள்ள மட்டம் ஒருபோதும் ஒரே இலக்கத்தில் நிற்காது, 42.1, 42.3, 41.9 என்று ஆடிக்கொண்டே இருக்கும். எட்டு மணித்தியாலம் 42.0 என்று நின்றால், நான் கருவியைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

2005 டிசம்பர் 11 அதிகாலை, இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்ட் என்ற இடத்தில் உள்ள எண்ணெய்க் களஞ்சியத்தில் 912ஆம் இலக்கத் தொட்டிக்குப் பெற்றோல் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று மணியளவில் மட்டம் காட்டும் கருவி அப்படியே நின்றுவிட்டது, பெற்றோல் மட்டும் தொடர்ந்து ஏறியது. அளவு மீறினால் தானாக நிறுத்துவதற்கு வேறொரு சுவிட்ச் இருந்தது. அதன் நெம்பைச் சரியான நிலையில் பிடித்து வைக்க ஒரு சின்னப் பூட்டு வேண்டும். பூட்டு போடப்படவில்லை, சுவிட்ச் வேலை செய்யவில்லை. ஐந்தரை மணியளவில் தொட்டி வழிந்து, ஆறு மணிக்கு வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை அதிகாலை என்பதால் உயிரிழப்பு இல்லை, 43 பேர் காயமடைந்தார்கள். விசாரணையில் தெரியவந்த இன்னொன்றுதான் என்னைப் போன்றவர்களைச் சுடுகிறது: அந்த மட்டக் கருவி அதற்கு முந்திய மூன்றரை மாதத்தில் 14 தடவை அப்படிச் சிக்கியிருந்தது. சில தடவைகளில் யாரோ அதை ஆட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மற்றவர்களைச் சொல்லிவிட்டு நான் தப்பிக்கக்கூடாது. வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருடம், ஒரு பாத்திரத்தின் உயர்மட்டச் சுவிட்சைச் சரிபார்க்கப் போனேன். அந்தச் சுவிட்சின் சுற்று சாதாரணமாக மூடியிருக்கும். மட்டம் மீறினால் திறக்கும், உடனே ஆலையின் அந்தப் பகுதி நின்றுவிடும். வயர் அறுந்தாலும் சுற்று திறபடும், அப்போதும் நின்றுவிடும். பழுது வந்தால் பாதுகாப்பான பக்கம் விழவேண்டும் என்பதற்காக அப்படிச் செய்வார்கள். நான் சோதிக்கும்போது ஆலை நின்றுவிடக்கூடாது என்று, பெட்டிக்குள் இரண்டு முனைகளுக்கு இடையில் ஒரு சிவப்பு வயர்த் துண்டைப் போட்டேன். பைபாஸ். இதற்குத் தனியாக ஒரு பெர்மிட் எடுக்கவேண்டும், பதிவுப் புத்தகத்தில் எழுதவேண்டும். ஐந்து நிமிட வேலைதானே என்று நான் எடுக்கவில்லை. இடையில் வேறு அழைப்பு வந்தது, போய்விட்டேன்.

ஆறு நாள் கழித்து வோக்கி-டோக்கியில் தம்பியின் குரல். "காக்கா, இந்தச் சிவப்பு வயர் உங்கடதா?"

அந்த ஆறு நாளும் அந்தச் சுவிட்ச் இருந்தும் இல்லை. திரையில் எல்லாம் பச்சை. தம்பி அதைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, என்ன செய்வது என்று என்னைப் பார்த்தார். ஒருவருக்கும் தெரியாமல் விட்டிருக்கலாம். நானே எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது, அந்த வருடச் சம்பள உயர்வு போனது. அந்த வயர் இன்னும் என்னிடம் இருக்கிறது, ஒரு சாண் நீளம் கூட இல்லை.

இப்போது ஊருக்கு வருவோம். சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரக் கிணறுகள் உப்பாகிப் போனதும், வீதியோரம் வைத்த பிளாஸ்டிக் தாங்கிகளுக்குப் பவுசர் வரும்வரை காத்து நின்றதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். இன்று கொண்டவட்டவான் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாயில் வருகிறது. அங்கேயும் இந்த வேலைதான் நடக்கிறது. கலங்கலை ஒரு கருவி அளக்கும், குளோரினை இன்னொன்று அளக்கும். தண்ணீரில் மருந்து மணம் என்று எங்கள் உம்மாவும் குறைப்படுவார். ஆனால் குழாயின் கடைசி வீட்டுக்கு வரும்போதும் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வழியில் கிருமி புகுந்தால் அந்த மிச்சம்தான் காப்பாற்றும்.

இந்த வேலைக்கு வர விரும்பும் பிள்ளைகளின் பெற்றோருக்குச் சில விடயங்கள். ஹெல்பர் விசாவில் போய் அங்கே டெக்னீஷியன் ஆகலாம் என்று ஏஜென்சிக்காரர் சொல்வதை அப்படியே நம்பவேண்டாம். ஆனவர்கள் இருக்கிறார்கள், பத்து வருடம் ஏணி பிடித்துவிட்டுத் திரும்பியவர்களையும் எனக்குத் தெரியும். கடதாசி இல்லாமல் போனால் அனுபவத்துக்குச் சம்பளம் இல்லை. தேசிய தொழில் தகைமையில், அதாவது என்.வி.கியூ.வில், மூன்றாம் நான்காம் மட்டச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போவது நல்லது. ஏற்கனவே வேலை தெரிந்தவர்கள் முழுப் பாடநெறியும் படிக்கத் தேவையில்லை, இருக்கும் அனுபவத்தை மதிப்பிட்டுத் தகைமை கொடுக்கும் முறை உண்டு. யுத்தத்தால் ஓ.எல். எழுதாமல் போனவர்களுக்கு இது பெரிய வழி, ஆனால் பலருக்குத் தெரியாது. வன்னியில் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டு வளர்ந்தவருக்கு, மிதிக்கும் வேகத்தோடு வோல்ட்டும் ஏறும் என்று யாரும் புத்தகத்தில் காட்டத் தேவையில்லை. அவருக்குக் குறைவது வரைபடம் வாசிக்கும் ஆங்கிலமும், வீதக் கணக்கும்தான். இரண்டையும் ஆறு மாதத்தில் பழகலாம்.

வெளிநாடு போகாமலும் இந்த வேலை இருக்கிறது. போன லீவில் எங்கள் பகுதியில் ஒரு அரிசி ஆலைக்குப் போயிருந்தேன். நெல் அவிக்கும் கொதிகலன் இரண்டு நாளாக அணைந்து கிடந்தது, கையை வைத்துப் பார்த்தேன், குளிர். ஆனால் அழுத்தமானியின் முள் பாதியில் நின்றது. முதலாளியிடம் காட்டினேன். "அது எப்பவும் அங்கதான் நிக்கும் தம்பி" என்றார். நெருப்பு எரியும்போதும் அது அங்கேதான் நிற்கும், உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். வேளாண்மை வெட்டு முடியட்டும் என்றார்.

மாற்றும் வரைக்கும் நெருப்பு மூட்டவேண்டாம் என்றேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை நானே கல்முனை பஸாரில் ஒரு மானி வாங்கிக்கொண்டு போய்ப் பூட்டிக் கொடுத்தேன். காசைத் தந்தார். பழையதை எறிய மனமில்லாமல் மேசை லாச்சிக்குள் போட்டு வைத்திருக்கிறார்.