மக்கள் காத்த காடு

நியூயார்க் என்றதும் வானளாவிய மாடங்கள் நிறைந்த பெருநகரமே நினைவுக்கு வரும். ஆனால், அதே பெயர் தாங்கிய அமெரிக்க மாநிலத்தின் வடபகுதியில் மலையும் காடும் ஏரியும் நிறைந்த பெருநிலம் ஒன்று உண்டு. அதற்கு அடிராண்டாக் பூங்கா என்பது பெயர். அதன் பரப்பு ஏறத்தாழ 60 இலட்சம் ஏக்கராகும். பூங்கா என்றவுடன் வேலியும் வாயிற்கதவும் இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. உள்ளே நுழையக் கட்டணமும் இல்லை. அதன் எல்லைக்குள் ஊர்களும் தனியார் நிலங்களும் உள. ஏறத்தாழ 26 இலட்சம் ஏக்கர் காடு மட்டும் மாநில அரசுக்கு உரியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்காடு கோடரிக்கு இரையாயிற்று. வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டு ஆலைகளுக்குக் கொண்டு சென்றனர். தோல் பதனிடுவதற்காக மரப்பட்டைகளை உரித்தனர். சரிவுகள் பல மொட்டையாயின. அந்நாளில் அம்மலைகளை அளந்துவந்த வெர்பிளாங்க் கோல்வின் என்பவர், 1872ஆம் ஆண்டில், 5,344 அடி உயரமுள்ள மார்சி மலையின் சரிவில் சிறு குளம் ஒன்றைக் கண்டார். ஹட்சன் ஆற்றின் தலைநீர் அதுவே. அதற்கு ‘மேகங்களின் கண்ணீர்’ என்னும் பொருள்படும் பெயர் வழங்குகிறது. காடு அழிந்தால் மழைநீர் மண்ணில் தங்காது, ஆறுகள் மெலியும், சரக்குப் படகுகள் செல்லும் ஈரிக் கால்வாயும் நீரின்றி வாடும் என அவர் எச்சரித்தார்.

அவ்வெச்சரிக்கை வீண்போகவில்லை. 1885இல் அரசுக் காடுகளைக் காக்கச் சட்டம் பிறந்தது. 1892இல் பூங்கா அமைந்தது. அரசுக் காடு என்றும் காடாகவே இருத்தல் வேண்டும். அதன் மரங்களை விற்றலும் அழித்தலும் கூடா என்னும் விதி 1894இல் மாநில அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. அதனை மாற்ற வேண்டுமாயின் சட்டமன்றம் மட்டும் இசைந்தால் போதாது; மக்களும் வாக்களித்து இசைதல் வேண்டும்.

இன்று அங்கு 2,000 மைல் அளவுக்கு நடைபாதைகள் உள. ஏரிகளும் குளங்களும் 3,000 இருக்கும். மக்கள் தோணி செலுத்துவர். ஓர் ஏரி முடிந்ததும் தோணியைத் தோளில் சுமந்து அடுத்த ஏரிக்கு நடப்பர். இரவில் கூடாரத்திலோ, முன்புறம் திறந்த மூன்று சுவர்க் குடிலிலோ தங்குவர். குறித்த இடங்களைத் தவிரப் பிறவிடங்களில் நீர்நிலைக்கு 150 அடி தொலைவிலேயே கூடாரம் அமைக்கலாம். நீர் மாசுபடாமைக்கே இவ்விதி. கீழே விழுந்து உலர்ந்த விறகையே எரிக்கலாம். சில பகுதிகளில் உணவைக் கரடி திறக்கவியலாத கலத்தில் வைத்தல் வேண்டும். மனிதர் உணவின் சுவை கண்ட கரடி மீண்டும் மீண்டும் வரும்; முடிவில் அதன் உயிருக்கே கேடு நேரும்.

கோடரியைத் தடுத்த சட்டத்தால் மழையைத் தடுக்க இயலவில்லை. தொலைவில் நிலக்கரி எரித்த மின்நிலையங்களின் புகை காற்றில் கலந்து அமில மழையாகப் பெய்தது. பல ஏரிகளில் நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தது; ஆனால் மீன் ஒன்றுகூட இல்லை! 1990இல் நாடு முழுவதற்குமான சட்டம் அப்புகையைக் கட்டுப்படுத்தியது. அதன் பின்னர் நீரின் அமிலம் மெல்லக் குறைந்தது. சில ஏரிகளுக்கு மீன்களும் மீண்டன.

எல்லைக் கோடு காட்டைச் சுற்றி வரையத்தக்கது. காற்றுக்கும் நீருக்கும் எல்லை ஏது? ஆதலின், ஓரிடத்துக் காட்டைக் காப்பது அவ்விடத்தார் கடமை மட்டுமன்று; தொலைவில் அடுப்பு மூட்டுவோரின் கடமையுமாகும்.