உடல் கிடைக்காதவருக்கும் திருப்பலி உண்டு

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்து லயன்கள் மண்ணுக்குள் போயின. பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. நான்காம் நாள் கல்லறைத் திருநாள்; மெழுகுதிரி ஏற்ற அவர்களுக்குக் கல்லறை இல்லை.

மண்சரிவால் இடம்பெயர்ந்து கொட்டகலைப் பக்கம் வந்திருப்பவர்கள் எங்களிடம் கேட்கிறார்கள்: "சாமி, உடம்பு கிடைக்காம செத்துட்டார்னு நாமளே முடிவு கட்டுனா பாவமில்லையா?" பாவமில்லை. உடல் இல்லாமலும் இறந்தவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். திருச்சபை உடலை மதிக்கிறது, அடக்கம் செய்வதையே விரும்புகிறது. ஆனாலும் 1963 முதல் எரிப்பதற்கும் அனுமதி உண்டு. உயிர்த்தெழுதல் குழியை நம்பியதல்ல.

"கடவுள் எடுத்துக்கொண்டார்" என்ற பேச்சைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடப் பாவிகள் என்ற எண்ணத்தை இயேசு மறுத்தார் (லூக்கா 13). மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. நிலமும் வீடும் கொடாமல் எழும்பிப் போ என்றால் தொழிலாளி எங்கே போவார்? பூனாகலையில் வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல்தான். தகுந்த காரணமின்றி ஒருவரைச் சாவாபத்தில் விடுவதும் ஐந்தாம் கட்டளைக்கு விரோதமே; 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதைத் தெளிவாகவே சொல்கிறது.

உங்கள் லயனுக்கு மண்சரிவு அறிக்கை உண்டா என்று கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள். பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.