குழாய் இணைப்பில் யூனிக்ஸ்

யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் வேலை செய்ய ஐகானைத் தேடிச் சொடுக்க வேண்டியதில்லை. டெர்மினலில் கட்டளையைத் தட்டி என்டர் அழுத்தினால் போதும். கட்டளைகளின் பெயர்கள் மிகவும் சுருக்கமானவை. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் இதை உருவாக்கத் தொடங்கிய காலத்தில், காகிதத்தில் மெதுவாக அச்சடிக்கும் டெலிடைப்தான் கணினியோடு பேசும் வழி. அதில் ஒவ்வோர் எழுத்தும் நேரத்தைத் தின்றது.

முதலில் தெரிய வேண்டியவை சிலவே. எந்த அடைவில் நிற்கிறோம் என்று காட்டுவது 'பிடபிள்யூடி'. அங்குள்ள கோப்புகளைப் பட்டியலிடுவது 'எல்எஸ்'. வேறு அடைவுக்குப் போக 'சிடி'. கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்க்க 'கேட்'. எந்தக் கட்டளைக்கும் விளக்கம் வேண்டுமானால் 'மேன்'. கோப்பை நகலெடுக்கச் சொன்னால், யூனிக்ஸ் எடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். ஏதாவது தவறினால்தான் வாய் திறக்கும். அந்த மௌனத்துக்கு 'முடிந்தது' என்று பொருள்.

யூனிக்ஸின் உண்மையான பலம் இந்தக் கட்டளைகளை ஒன்றோடொன்று இணைப்பதில் இருக்கிறது. தோட்டத்து ரப்பர் குழாய்த் துண்டுகளைப் பொருத்துவதுபோல நிரல்களைப் பொருத்த வேண்டும் என்று அதே பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் 1964லேயே எழுதிவைத்தார். 1973இல் தாம்சன் அதை யூனிக்ஸில் சேர்த்தார். இணைப்புக்கான குறி ஒரு செங்குத்துக் கோடு, பெயர் 'பைப்'. ஒரு கட்டளையின் வெளியீடு அதன் வழியே அடுத்ததற்கு உள்ளீடாகப் போகும்.

நூலகத்தில் இரவல் போன புத்தகங்களின் பெயர்கள், வரிக்கு ஒன்றாக, ஒரு கோப்பில் இருப்பதாகக் கொள்வோம். அதிகம் படிக்கப்பட்டது எது? 'சார்ட்' வரிகளை அகரவரிசைப்படுத்தும்; ஒரே பெயர்கள் அடுத்தடுத்து வந்துவிடும். 'யூனிக்' அவற்றை ஒன்றாக்கி, கேட்டால் எண்ணிக்கையும் தரும். மீண்டும் ஒரு 'சார்ட்', இம்முறை எண்ணிக்கையின் இறங்குவரிசையில். மூன்று கட்டளை, இரண்டு கோடு. விடை முதல் வரியில். அடுத்தடுத்த வரிகளை மட்டுமே 'யூனிக்' ஒப்பிடும் என்பதால், முதல் 'சார்ட்'டை விட்டுவிட்டால் கணக்கு பிசகும்.

எச்சரிக்கை ஒன்று: 'ஆர்எம்' கட்டளையால் அழித்த கோப்பு குப்பைத்தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான். யூனிக்ஸ் வகையைச் சேர்ந்த லினக்ஸோ மேக்கோ கையில் இருந்தால், 'ஆர்எம்'மை மட்டும் ஒதுக்கிவைத்து மற்றவற்றை இன்றே தட்டிப் பாருங்கள்.